அடுத்த பந்தை யார் வீசுவது?

“சார், என் பொண்ணை எதுக்கு நிறுத்துறீங்க?”

கம்பி வேலியைத் தாண்டி வந்த அந்தக் குரலுக்கு மைதானமே திரும்பிப் பார்த்தது.

குரலுக்குச் சொந்தக்காரி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். கடையில் அவள் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. மகள் ஆடுகிற இடத்துக்கு வந்துவிட்டால் மட்டும் தொண்டை தனியாகக் கிளம்பிவிடும்.

சிறுமிகளின் சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று. அவள் மகளின் அணி இரண்டு ரன் முன்னால் இருந்தது. இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் கோப்பை கையில். இந்த நேரம் பார்த்துத்தான் பந்து வீசிக்கொண்டிருந்த அவள் மகளை கோச் உட்கார வைத்துவிட்டார். கையைச் சுழற்றினால் பந்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் அந்தப் பெண்ணுக்கு ‘மின்னல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கோச் வேலியருகே வந்தார். மற்ற நாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். விடுமுறை நாளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்.

“மேடம், அவ வீச வேண்டியதை வீசிட்டா. பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்க ஒரு ஆட்டத்துல இதுக்கு மேல வீசக் கூடாது. ரூல்.”

“வயசுக்கு ஒரு ரூலா? பொடிசுங்களுக்குப் பந்தை ஸ்டாண்டு மேல வச்சு அடிக்க விடுறீங்க. அதைவிடக் கொஞ்சம் பெரிசுங்களுக்கு நீங்களே மெதுவா உருட்டாத குறையாப் போட்டுத் தர்றீங்க. சரி, போகட்டும். நல்லா வீசுறவளையும் பிடிச்சு உட்கார வச்சா எப்படி?”

“நீங்க மருந்துக் கடையில இருக்கீங்க. பெரியவங்க மாத்திரையைச் சின்னப் பிள்ளைக்கு முழுசாக் கொடுப்பீங்களா?”

அவள் அதைத் தள்ளிவிட்டு மறுகேள்வி போட்டாள்.

“கை வலிக்குதுன்னு அவ சொன்னாளா?”

“சொல்ல மாட்டா மேடம். அதுக்குத்தான் ரூலே வச்சிருக்கு.”

சொல்லிவிட்டு அவர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுப் பக்கம் போனார். என்னவோ பேசினார்கள். கொஞ்ச நேரத்தில், பந்தோடு மைதானத்தின் நடுவே வந்து நின்றாள் ஒருத்தி.

கோச்சின் மகள். சுண்டு.

“பார்த்தீங்களா நியாயத்தை!” பக்கத்திலிருந்த பெற்றோரிடம் மின்னலின் அம்மா பொரிந்தாள். “ஸ்டியரிங் கையில இருந்தா வண்டியைத் தன் வீட்டுப் பக்கம்தானே திருப்புவாரு!”

நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

சுண்டுவின் முதல் பந்து மட்டை பிடித்தவளுக்கு எட்டவே இல்லை. இரண்டாவது அவள் தலைக்கு மேலே போனது. மூன்றாவது எங்கே போனதென்று சுண்டுவுக்கே தெரியவில்லை.

“பந்து வீசத் தெரிஞ்சவளைப் போடுங்க சார்!” என்று கத்தினாள் மின்னலின் அம்மா.

வேலியோரம் ‘ஊ... ஊ...’ என்று சத்தம் கிளம்பியது. சுண்டு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்தை வீசினாள். அதற்கடுத்ததையும் வீசினாள். எப்படியோ ஒருத்தி அவுட்டானாள். அதற்குள் எதிரணி இரண்டு ரன் எடுத்துச் சமன் செய்திருந்தது. அடுத்து வந்தவள் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

ஆட்டம் முடிந்தது. கோப்பை எதிர்ப் பக்கம் போனது.

சுண்டு அழவில்லை. எதிரணிப் பிள்ளைகளுக்கு வரிசையாகக் கை கொடுத்துவிட்டு, சிதறிக் கிடந்த மட்டைகளைப் பொறுக்கிப் பையில் போடத் தொடங்கினாள்.

“கொஞ்சமாவது உறைக்குதா பாரு அந்தப் பொண்ணுக்கு!” என்று முணுமுணுத்தபடி மின்னலின் அம்மா வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தாள். “இன்னிக்கு அந்த ஆளை ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடப் போறதில்லை.”

மின்னல் ஓடி வந்து குறுக்கே நின்றாள். ஒரு கை மறு தோளைப் பிடித்திருந்தது.

“அம்மா, வேண்டாம். கோச்சைத் திட்டாதே.”

“நீ தள்ளு. தன் பொண்ணுக்குக் கோப்பை வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டு மொத்த டீமையும் கவுத்துட்டாரு!”

“அவர் சுண்டுவைக் கூப்பிடவே இல்லம்மா. யார் வீசுறீங்கன்னு எல்லாரையும்தான் கேட்டாரு. நாலு பேருக்கு அவளைவிட நல்லா வீச வரும். ஒருத்தியும் வாயைத் திறக்கல. குனிஞ்ச தலை நிமிரல.”

“ஏன்? அப்படி என்ன பயம் அந்த டீமைப் பார்த்து?”

மின்னல் தரையைப் பார்த்தாள்.

“அந்த டீமைப் பார்த்து இல்லம்மா. உன்னைப் பார்த்து.”

அம்மாவின் கால் நின்றது.

“தோத்துட்டா நீ கத்துவேன்னு எல்லாருக்கும் தெரியும். போன தடவை கேட்ச் விட்டவளைப் பார்த்து நீ கத்தினதுல, அவ அப்புறம் ஆடவே வரல. கோச் யாரையும் கட்டாயப்படுத்தல. அப்பதான் சுண்டு எழுந்தா.”

“எழுந்து?”

“‘நான் வீசுறேன்பா. வேற யார் வீசித் தோத்தாலும் மின்னல் அம்மா அவளைத் திட்டுவாங்க. நான் தோத்தா உங்களைத்தான் திட்டுவாங்க. உங்களுக்குத்தான் பழகிப்போச்சே’ன்னு சொன்னாம்மா.”