மூன்றாவது பெயர்

ஒன்றாம் வகுப்பின் பத்தொன்பது பிள்ளைகளும் ஈர மணலில் குந்தி உட்கார்ந்து விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் என் வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கடல். ஆளுக்கு ஒரு பொருள் பொறுக்கி வர வேண்டும். அதன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அந்த எழுத்தை மணலில் எழுத வேண்டும்.

நண்டு ஓட்டுக்கு ந. சிப்பிக்கு சி. பாசிக்கு பா. ஒருத்தன் வெறுங்கையோடு வந்து, "காத்து" என்றான். அதையும் ஒப்புக்கொண்டேன்.

டெல்சியா மட்டும் ஓர் எழுத்தோடு நிற்க மாட்டாள். முழுச் சொல்லையும் எழுதுவாள். அன்று 'சங்கு' என்று எழுதி, ங் மேல் வைக்க வேண்டிய புள்ளிக்கு ஒரு சின்னக் கிளிஞ்சலை அழுத்தி வைத்திருந்தாள். ஆறு வயதுக்கு அது பெரிய வேலை. வகுப்பில் முதலில் வாசிக்கத் தொடங்கியவளும் அவள்தான்.

நான் நாசரேத்துக்காரி. இந்தக் கரைக்கு வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரமே டெல்சியாவின் அம்மா செல்லக்கனி என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தினாள். அவள் கணவர் ஜெரால்டு தோணியில் வேலை பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போன தோணி, இரண்டு வருஷத்துக்கு முன்னால் காற்றில் சிக்கி முழுகிவிட்டது. போன ஐந்து பேரில் ஒருவர் உடலும் கரைக்கு வரவில்லை.

"அவுக மாலத்தீவுலயே வேல பாக்காகன்னு பிள்ளைட்ட சொல்லி வச்சிருக்கேன் டீச்சர். கொஞ்சம் பெருசாகட்டும், நானே சொல்லுதேன்."

சரி என்றேன். தெருவே அந்தப் பொய்யைச் சேர்ந்து சுமந்துகொண்டிருந்தது. நானும் ஒரு கை கொடுத்தேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளை எண்ணியபோது பதினெட்டுதான் இருந்தது.

டெல்சியா சற்றுத் தள்ளிக் குருசடியின் அருகே நின்றிருந்தாள். ஆளுயரச் சிலுவை, அதன் அடியில் சுவரோடு பதித்த ஒரு கருங்கல் பலகை. அவள் விரல் பலகையின் மேல்வரியில் ஊர்ந்துகொண்டிருந்தது.

"டீச்சர், இத வாசிக்கட்டுமா?"

தினமும் அந்த வழியாக நடப்பவள் நான். ஒருநாளும் அந்தக் கல்லை வாசித்ததில்லை.

'கடலில் மறைந்த எங்கள் சகோதரர்கள்.' அதன் கீழே ஐந்து பெயர்கள். மூன்றாவது, ஜெரால்டு.

கல்லை யாரும் மறைத்து வைக்கவில்லை. எழுத்துத் தெரியாத பிள்ளையிடமிருந்து எழுத்தை எதற்கு மறைக்க வேண்டும்? அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்.

"வேண்டாம்மா. மணியடிக்கப் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கையை விரித்து அந்தப் பெயரின் மேல் வைத்துவிட்டேன். வெயிலில் கல் சுட்டது. ஒரு பிள்ளையை வாசிக்காதே என்று நான் தடுத்தது அதுதான் முதல் தடவை.

டெல்சியா என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா பேரு" என்றாள்.

எழுத்துக்கூட்டவில்லை. கல்லைப் பார்க்கவும் இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் நோட்டில் ஓர் எழுத்தை வரைந்துகொண்டு வந்து, இது என்ன என்று கேட்டாள். ஜெ. வகுப்பில் அந்த எழுத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆசையாகக் கேட்கிறாளே என்று சொல்லிக்கொடுத்து, அவள் கையில் பேனாவால் ஒரு நட்சத்திரமும் வரைந்துவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு சொல்லோடு வந்தாள். 'மறைந்த'. சாயங்காலம் சூரியன் கடலுக்குள்ளே போகுது இல்லையா, அதுதான் மறையுறது என்று விளக்கினேன். கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது என்பது என் நம்பிக்கை.

"சூரியன்னா மறுநாளே வந்துருமே டீச்சர்" என்றாள் இப்போது. "எங்கப்பா வரல."

நான் மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். மெல்லப் பேச்சைத் தொடங்கினேன்.

"அம்மாட்ட..."

அவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள். விரல்களில் ஈர மணல். ஊர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோடு காதாகச் சொன்னாள்:

"அம்மாட்ட சொல்லிராதீங்க டீச்சர். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஞாயித்துக்கெழம இங்கன வந்து மெழுகுதிரி ஏத்திட்டு, இந்தக் கல்லத் தொட்டுத் தொட்டு முத்தங் குடுக்கும். என்ன எழுதியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. அப்பா மாலத்தீவுலதான் இருக்காகன்னு நெனச்சிக்கிட்டிருக்கு."