ஒன்பதாவது கோட்டிங்

கையில் புது உப்புத்தாளோடு மாடி வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். பல் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை இன்னும் கழற்றவில்லை.

வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவருக்கு இரண்டு படி கீழே, முந்தானைக்குள் கைகளைச் சுருட்டிக்கொண்டு அவர் மனைவி.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டியா?" உப்புத்தாளைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது. "பக்கத்து வீட்டுக்காரர் இன்னிக்கு என்னை பஸ் ஸ்டாப்புல நிறுத்திக் கேக்குறாரு. ரெண்டு மாசமா உங்க மாடியில பகல் பூரா பரக்கு பரக்குன்னு தேய்க்கிற சத்தமாம். அது போதாதுன்னு வார்னிஷ் நாத்தம் வேற. காலையில ஆபீஸ் போயிட்டு இருட்டுனப்புறம் வர்றவன் நான். என்னன்னு பதில் சொல்றது?"

"மாடியில கிடார் தயாராகுதுன்னு சொல்லுங்க சார்."

"என்னது?"

அவள் பின்னறைக் கதவைத் தள்ளிக் காட்டினாள். ஜன்னல்கள் சாத்தியிருந்தன; தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்திருந்தது. கூரைக் கொக்கியிலிருந்து எலெக்ட்ரிக் கிடாரின் உடல் பாகம் சிவப்பாக, ஈரம் மின்னத் தொங்கியது. கழுத்துப் பாகம் மேசைமேல் துணியில் சுற்றிக் கிடந்தது.

"உடம்பு இங்க தொங்குது, கழுத்து அங்க கிடக்குது. கொலை நடந்த வீடு மாதிரியில்ல இருக்கு!" வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா, கிடார் வேணும்னா கடையில வாங்க வேண்டியதுதானே? சோறு சாப்பிடணும்னா பானையையும் நீயே செய்வியா?"

"ஆசை வந்தா செஞ்சு பார்க்க வேண்டியதுதான் சார்."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஆஸ்பத்திரியில பல்லை ராவுற சத்தம் பத்தலையா உனக்கு? இதெல்லாம் பொம்பளை செய்யிற வேலையா?"

"தேய்க்கிறது ஆம்பளையா பொம்பளையான்னு மரம் கேக்கறதில்ல சார்."

அவர் விருட்டென்று திரும்பி மனைவியைக் கை காட்டினார்.

"இதோ, இவளைப் பாரு. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இவ சத்தம் வாசப்படி தாண்டியிருக்கா? பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு விரல்ல ரேகையே அழிஞ்சு போச்சு. போன வாரத்துலேர்ந்து இவ விரலை வச்சா போன்கூடத் திறக்க மாட்டேங்குது. அதும்மா குடும்பம் நடத்துற கை!"

மனைவி முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"சரி, இந்தக் கூத்து இன்னும் எத்தனை நாளைக்கு?"

"ஒன்பதாவது கோட்டிங் அடிச்சாச்சு. அது காயணும். காஞ்சதும் தண்ணி தொட்டுத் தேய்ச்சுப் பளபளப்பு ஏத்தணும். அப்புறம் கழுத்தை முடுக்கணும், கம்பி கட்டணும்." பாடம் ஒப்பிப்பதுபோல் விரல் விட்டு எண்ணினாள். "எட்டோட முடிஞ்சிருக்கும் சார். எட்டாவது கோட்டிங்குல ஒரு கொசு வந்து ஒட்டிக்கிச்சு."

படியிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. தன் பாட்டைப் பார்த்து மனைவியே பெருமூச்சு விடும்படி ஆகிவிட்டதே என்று வீட்டுக்காரருக்கு இன்னும் உஷ்ணம் ஏறியது.

"ஒரு கம்பியும் கட்ட வேண்டாம். இதை இப்பவே இறக்கிக் குப்பையில போடு. இல்ல, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணு. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"காலி பண்றேன் சார். இதை இறக்க மாட்டேன்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "ஒரு மரக்கட்டைக்காக வீட்டை விடுறியா?"

"ஆமா."

"அப்படி என்ன பெரிய கிடார்? இதை யாரு வாசிச்சுக் கிழிக்கப் போறா?"

"செஞ்சவங்கதான்."

"வாய்க்கு வாய் பதிலா? இது என் வீடு. நீ இறக்காட்டி நான் இறக்குறேன்!"

செருப்புக் காலோடு செய்தித்தாளை மிதித்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து விரலையும் விரித்து, தொங்கிய கிடாரைப் பற்றக் கையை நீட்டினார். மாடி வீட்டுப் பெண் குறுக்கே பாய்ந்தாள். அதற்குள் இன்னொரு கை வந்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டது.

அவர் குனிந்து பார்த்தார். ரேகையே இல்லாமல் வழவழவென்றிருந்த விரல் நுனிகள். நகக்கண்களில் சிவப்புச் சாயம். இப்படியொரு பிடியை இந்த இருபத்தாறு வருடத்தில் அவர் கண்டதில்லை.

"கையை எடுங்க," என்றாள் மனைவி. "நான் அடிச்ச கோட்டிங் இன்னும் காயலை."