அக்காவின் அப்பா

“எங்கப்பா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது” என்று பிரசங்க பீடத்தில் நின்று மேரியோனி சொன்னதும், முன்வரிசையில் இருந்த அவள் தங்கை லோசனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா செமேசாவின் சவப்பெட்டிமேல் ஃபிஜிக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள்.

முதலில் பேசிய, தலைநகர் சுவாவிலிருந்து வந்த ராணுவ அதிகாரி, செமேசாவைப் போல ஒரு வீரர் படையில் இருந்ததில்லை என்றார். லோசனா பொறுத்துக்கொண்டாள். ரக்பி சங்கத்துக் கிழவர், செமேசா கைக்குப் பந்து போய்விட்டால் காற்றாலும் பிடிக்க முடியாது என்றார். அதையும் பொறுத்துக்கொண்டாள். ஊருக்கு அவர் என்னவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அக்கா?

“எனக்குக் காய்ச்சல்னா தோள்ல போட்டுக்கிட்டுக் கடற்கரை முழுக்க நடப்பார். எட்டு வயசுல மரவள்ளிக்கிழங்கைக் கருக்கி வச்சேன். பிரமாதம்னு சொல்லி மிச்சம் வைக்காம சாப்பிட்டார்.”

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

லோசனாவுக்குத் தெரிந்த செமேசா, அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தால் கட்டிலுக்கடியில் பதுங்குகிறவர். பிறகு வெளியே வந்து, தட்டைப் போட்டது யார் என்று தேடுகிறவர்.

ஒருமுறை போட்டது லோசனா. நான்தான் என்று முன்னால் போய் நின்றது மேரியோனி. அன்றோடு அவளுக்கு இடது காது போயிற்று.

அந்தக் காதை வைத்துக்கொண்டு எப்படிப் புளுகுகிறாள்!

அடக்கம் முடிந்தது. ஆண்கள் குழியடுப்பைத் திறந்து, வெந்த பன்றியிறைச்சியையும் சேப்பங்கிழங்கையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். லோசனா அக்காவின் கையைப் பிடித்துத் தேவாலயத்தின் பின்பக்கம் இழுத்துப்போனாள்.

“வாய் கூசலையா உனக்கு? செத்துட்டா எல்லாரும் தேவதூதரா? அம்மா பட்டது, நீ பட்டது, எல்லாத்தையும் அந்த ஆளோட சேர்த்துக் குழியில தள்ளிட்டியே!”

மேரியோனி கேட்கிற காதை அவள் பக்கம் திருப்பினாள்.

“ஒரு வார்த்தை பொய் இல்லடி. லெபனானுக்கு அமைதிப்படையில போறவரைக்கும் அவர் அப்படித்தான் இருந்தார். கிளம்பினப்ப நீ அம்மா வயித்துல இருந்தே.”

லோசனா பிடித்திருந்த அக்காவின் கையை விட்டாள். இத்தனை வருஷத்தில் அம்மாகூட இதைச் சொன்னதில்லை.

“ஏன் எங்கிட்டே சொல்லலை?”

“சொல்லியிருந்தா, அந்த மனுஷன் என்னிக்காவது திரும்பி வருவார்னு என்னை மாதிரி நீயும் காத்துக்கிட்டுக் கிடந்திருப்பே.”

அக்கா சொன்னது நியாயம்தான். அதனாலேயே இன்னும் எரிந்தது. பிறந்ததிலிருந்து அப்பாமேல் சேர்த்து வைத்திருந்த ஆத்திரம் அத்தனையும் அக்காமேல் திரும்பியது. இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“அந்த அப்பாவுல எனக்கு ஒரு துளி குடுத்தியா? மொத்தத்தையும் நீயே முழுங்கிட்டியே அக்கா!”