பாப்பாவின் மஞ்சள் கவுன்

கவுனின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான், தான் வந்திருப்பது பிறந்தநாள் வீட்டுக்கு என்பதே அவளுக்கு உறைத்தது.

கைப்பழக்கம். நைட்டிக்கு வெட்டிய துணியை வீடு வீடாகக் கொடுத்து, தைத்து வாங்குகிறவள். ஒரு வீட்டில் கை, ஒரு வீட்டில் காலர், ஒரு வீட்டில் பட்டன். எந்தத் தையலைக் கண்டாலும் உள்பக்கம் பார்க்காமல் இருக்க முடியாது.

பாப்பா கூச்சத்தில் நெளிந்தது.

மஞ்சளில் வெள்ளைப் புள்ளி. அவள் சொல்லிவைத்து அச்சடித்து வாங்கிய துணி. வெளியே எந்தக் கடையிலும் கிடைக்காது.

"இது நம்ம துணியாச்சே. இங்க எப்படி வந்துச்சு?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அறை சின்னது. கேக்கைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

பாப்பாவின் பாட்டி மருமகளைப் பார்த்தார். மருமகள் தையல் மெஷின் முன்னால் உட்காருவதே அந்த அம்மாளுக்கு ஆகாது. அதை நிறுத்த ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

"கேட்காம எடுத்துட்டு வந்தியா?"

மருமகள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். இந்த வீட்டில் தைப்பது காலர்; தையல்காரப் பெண்கள் எல்லோரும் ‘காலர்’ என்று கூப்பிடுவது அவளைத்தான். தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மறந்துட்டீங்களாக்கா? நீங்கதானே குடுத்தீங்க. அக்கா இப்படித்தான் அத்தை, குடுத்ததெல்லாம் ஞாபகம் வச்சுக்கவே மாட்டாங்க."

அறை மூச்சு விட்டது. பாட்டியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீயும்தான் வேலைக்குப் போறே, உன் முதலாளி என்ன குடுத்தார்?" என்று காலரின் ஓரகத்தியை யாரோ சீண்டினார்கள்.

"டீ குடுப்பார். அதுவும் அரை கிளாஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். முதல் துண்டு கேக் துணி கொடுத்தவள் கைக்கு வந்தது. சொல்லிக்கொடுத்தபடி பாப்பா வந்து, "தேங்க்ஸ் பெரியம்மா" என்றது.

கேக்கை வாயில் போட்டுக்கொண்டாள். கண் மறுபடி கவுனுக்குப் போனது.

காலர் சொன்னது பொய்யும் இல்லை. இப்போது ஞாபகம் வந்துவிட்டது.

காலர் கோணல் என்று போன மாதம் அவள் கழித்துவிட்ட நைட்டியை வெட்டித் தைத்த கவுன் இது. துணிக்கான விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டு, ‘டேமேஜை நீயே வச்சுக்க’ என்று இந்தப் பெண்ணின் கையில் திணித்தவள் அவள்தான்.