சந்தியா நேரத்து நீலம்

அந்தி மயங்குகிறது. மாமியார் ஸ்ரீகுமாரி நிலவிளக்கை ஏற்றி, வாசல் கதவை அகலத் திறந்து வைக்கிறாள். அந்த வழியாக ரப்பர் தோட்டத்துக் கொசுக்கள் உள்ளே வருகின்றன. டெங்குக் காய்ச்சல் தணிந்து காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அஞ்சு, ஹால் கட்டிலில் மெலிந்த கால்களை மடக்கிப் படுத்திருக்கிறாள். பாறசாலைக் கடையில் ஏழெட்டை எரியவிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த, கொசுவை இழுத்துக் கொல்லும் நீலப் பூச்சி விளக்கை மகளின் கால்மாட்டில் மாட்டுகிறாள் சஜிதா. மற்ற வெளிச்சம் இருந்தால் பூச்சி இதை நாடாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். டியூப்லைட்டை அணைக்கிறாள். சுவரெல்லாம் நீலம். “சந்தியைக்கு வீட்ட இருட்டாக்குதியா? சீதேவி வீட்டுக்குள்ள கேறுவாளா?” மாமியார் சுவிட்சைப் போடுகிறாள். “சீதேவிக்கு வழி தெரியும் மாமி. தினமும் வாறவதானே.” சஜிதா அணைக்கிறாள். கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருடத்தில் மாமியார் கை வைத்த எந்தச் சுவிட்சையும் அவள் மறுபடி தொட்டதில்லை. மறுபடியும் வெளிச்சம். “இது எனக்க வீடாக்கும்.” “பிள்ள எனக்கதாக்கும்.” சஜிதா மறுபடி அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றி நைட்டிப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். கீழே சுவிட்ச் வீணாக இரண்டு முறை சொடுக்குகிறது. நீல விளக்கில் முதல் பூச்சி படபடவென்று பொரிகிறது. சஜிதா ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. மாமியாரின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை.