இடதுகை முடிச்சு

ஊர் வழக்கப்படி மே முதல் தேதி வாசல் கதவில் மாட்டும் பூ வளையத்துக்குக் கருஞ்சிவப்புப் பூக்களை எங்கே பறிக்கிறான் என்று ஸ்தமாத்திஸ் தன் மனைவி அசிமீனாவிடம் சாகும்வரை சொல்லவில்லை. பனிக்காலத்தில் அவன் போனபின், அவன் பார்த்துவந்த இடிந்த கோயிலின் காவல் வேலையும் அதன் ஒரே சாவியும் அவளுக்கு வந்தன.

மே முதல் தேதி காலை கோயில் கதவைத் திறந்தவள், விழுந்த தூணுக்குப் பின்னால் அந்தச் செடிகளைக் கண்டாள். காம்புகள் அப்போதுதான் வெட்டியதுபோல் ஈரமாக இருந்தன. இரண்டு பூ மட்டும் மிச்சம். அவற்றைப் பறித்துக்கொண்டு குறுக்குப் பாதையில் வீட்டுக்கு இறங்கினாள்.

பக்கத்து வீட்டு வாசோவின் கொல்லைக் கதவில் அதே கருஞ்சிவப்புப் பூக்களில் கட்டிய புது வளையம் தொங்கியது. கம்பியில், இடதுகைக்காரனான ஸ்தமாத்திஸ் மட்டுமே போடும் இடதுகை முடிச்சு.

"யாருடி மாட்டினது?"

வாசோ தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பவும் மாட்டுறவருதான்க்கா. முதல்ல எனக்குக் கட்டிட்டு, மிச்சத்துலதான் உங்களுக்குக் கட்டுவாரு."

அசிமீனா கையிலிருந்த இரண்டு பூவையும் பார்த்தாள்.