ஆறுக்கு அஞ்சு

“ஜெயிச்சுட்டோம்னு யாரும் பல்லைக் காட்டாதீங்க!” என்று கத்திக்கொண்டே உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தார் டயர்க்கடைக்காரர்.

காட்டிக்கொண்டிருந்த பதினொரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். கோச்சும்தான்.

அரையிறுதி ஆட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆறுக்கு அஞ்சு. அதற்கு முந்தைய ஆட்டம் அஞ்சுக்கு நாலு. அதற்கும் முந்தையது ஏழுக்கு ஆறு.

டயர்க்கடைக்காரர் பத்து வருஷமாக இந்த ஹாக்கி டீமுக்குத் தலைவர். தெருமுனையில் பஞ்சர் ஒட்டி, வாயாலேயே கடையை மூணு மாடிக்கு உயர்த்தியவர். அந்த வாய் எங்கே போனாலும் கூடவே வரும்.

“ஆறு அடிச்சீங்க, சந்தோஷம். அஞ்சு வாங்கினீங்களே! பஞ்சரான டயர்ல காத்து அடிச்சு அடிச்சு வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. எத்தனை நாளைக்கு ஓடும்? பைனல்ல பம்பு வேலை செய்யலைன்னா?”

“முன்வரிசைப் பசங்க நல்லா ஆடுறாங்கண்ணே...” என்று இழுத்தார் கோச்.

“முன்வரிசையை யாருய்யா கேட்டா? பின்னாடி என்ன நடக்குதுன்னு பாருங்க. இதோ உட்கார்ந்திருக்கானே!”

மூலையில் கால் பேடைக் கழற்றிக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரனைக் கைகாட்டினார். வெளியே அவன் பிளம்பர்.

“ஊரான் வீட்டு ஒழுகலையெல்லாம் ஓடி ஓடி அடைக்கிறான். நம்ம கோல் ஒழுகினா வேடிக்கை பார்க்கிறான். ஓட்டைக் குழாய்!”

பிளம்பர் சிரித்தான். அதில் அவருக்கு இன்னும் எரிந்தது.

“நான் என்ன, நிழல்ல உட்கார்ந்து கைதட்டுற தலைவரா? ஒவ்வொரு மேட்சுக்கும் நம்ம கோலுக்குப் பின்னாடியே நிக்கிறேன். பாதியில பக்கம் மாறினா, நானும் மைதானத்தைச் சுத்தி மூச்சு வாங்க ஓடி அந்தப் பக்கம் போறேன். தொண்டை கிழிய வழி சொல்றேன். அப்பவும் அஞ்சு!”

கோல் கீப்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிளம்பர் அவன் காலை மிதித்தான்.

“பைனல்ல ஒரு கோல் விழட்டும், இவன் டீம்லயே கிடையாது.”

“ஒண்ணுன்னா ரொம்பக் கறாருண்ணே. ஒரு நாலு...” என்று பேரத்தைத் தொடங்கினார் கோச்.

“ஒண்ணு.”

“மூணு?”

“வாங்கின கோலைக் கொண்டாந்து மாத்திக்கிட்டுப் போக இது என்ன டயரா? சரி, போனாப் போகுது, ரெண்டு. மூணாவது விழுந்தா, ஸ்டிக்கை என் கையில கொடுத்துட்டுக் கிளம்பணும்.”

“சரிண்ணே,” என்றான் பிளம்பர். அவனை யாரும் கேட்கவில்லை.

கத்தினதன் பலன் மறுநாள் காலையில் தெரிந்தது. எழுந்து மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். வெறும் காத்துதான் வந்தது.

“அப்பாடா, வீடு வீடா இருக்கு,” என்றாள் மனைவி.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது.”

பேரம் பேசிய பழக்க தோஷம், அஞ்சு நாள் போதாதா என்று அஞ்சு விரலைக் காட்டிப் பார்த்தார். டாக்டர் அசையவில்லை.

நாலாம் நாள் பைனல். கழுத்தில் மப்ளர், சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும். வழக்கம்போல் கோலுக்குப் பின்னால் போய் நின்றார்.

முதல் நிமிஷமே எதிரணி பாய்ந்து வந்தது. ‘முன்னாடி போடா!’ என்று கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

பிளம்பர் முன்னாடி போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, ஸ்டிக்கைத் தாழ்த்தி, பந்தை நறுக்கென்று பிடுங்கினான்.

மறுபடி வந்தார்கள். மறுபடி பிடுங்கினான். ஆட்டம் முழுக்க அதே கதைதான்.

நம் முன்வரிசைக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை, ரெண்டே கோல். ஆனால் எதிரணியால் ஒன்றுகூடப் போட முடியவில்லை. ரெண்டுக்கு சைபர்!

டயர்க்கடைக்காரர் அறைக்குள் ஓடிவந்தார். நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதி எல்லோர் முகத்துக்கும் நேரே நீட்டினார்.

‘பார்த்தீங்களா? நான் போட்ட கண்டிஷன்! இவனை மிரட்டினாத்தான் வேலை நடக்கும்.’

கோச் படித்துவிட்டுக் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

கோல் கீப்பருக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, நாங்க ஜெயிச்சது உங்க கண்டிஷனால இல்ல. உங்க தொண்டையால.”

“டேய், வேணாம்டா,” என்றான் பிளம்பர்.

“நீ சும்மா இரு. மிதிச்சு மிதிச்சு என் கால் வீங்கிப்போச்சு. அண்ணே, பந்து வரும்போது நான் ‘நில்லு’ம்பேன். அதே நேரம் நீங்க பின்னாடியிருந்து ‘முன்னாடி போடா’ம்பீங்க. உங்க குரலுக்கு நடுவுல என் குரல் எங்க கேட்கும்? அவன் காலு தானாப் போயிடும். அவன் விட்ட இடத்துல கோல் விழும். முன்வரிசைப் பசங்க அந்தக் கோடியில ஆடுறாங்க, உங்க குரல் அங்க எட்டாது. அதான் அவங்க மட்டும் அடிச்சுத் தள்ளினாங்க.”

டயர்க்கடைக்காரர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். ‘ஏன் சொல்லல?’ என்று எழுதினார்.

“சொல்லிடலாம்னுதான் போன மாசம் கூடிப் பேசினோம். உங்களை மைதானத்துப் பக்கமே வர வேணாம்னு சொல்றதா முடிவே ஆயிடுச்சு. ஒருத்தன் மட்டும் ஒத்துக்கல. ‘நாம தோத்துக்கிட்டே கிடந்தப்போ, கொட்டுற மழையில நம்ம ஆட்டத்தைப் பார்க்க வந்து நின்னது அவர் ஒருத்தர்தான்டா. விழுற கோல் என் தலையிலேயே விழட்டும், அவரைப் போகச் சொல்லாதீங்க’ன்னு எங்க கையைப் பிடிச்சுக் கெஞ்சினான்.”

கோல் கீப்பர் மூலையைக் காட்டினான்.

“அதோ, உங்க ஓட்டைக் குழாய்.”